திரை மூலையில் ஒரு விரல்

1

வருகிற வியாழக்கிழமை அண்ணாவின் நாள். என்ன நாள் என்று கேட்டால் சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை. பிறந்தநாள் இல்லை. திவசம் என்று சொன்னால் அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அதற்குப் பிறகு என்னோடு கதைக்கமாட்டார். ஆகவே முப்பத்தைந்து வருடமாக வெறும் 'நாள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், திருகோணமலையில் பகல் இரண்டு மணிக்கு, மச்சாள் எனக்கு அழைப்பு எடுப்பார். இங்கே டோட்முண்டில் அப்போது காலை பத்தரை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில் படுக்கைவிரிப்புகளைச் சலவை இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருப்பேன். வேலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக்கூடாது. ஆனால் அந்த ஒரு நாளில் மட்டும் மேற்பார்வை செய்யும் பெண் என் ஏப்ரன் பையைக் காணாதவள்போல் போய்விடுவாள்.

மச்சாள் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. "சாப்பிட்டீங்களோ சுகி?" என்பார். காலை பத்தரைக்கு என்னத்தைச் சாப்பிடுவது? "ஓம் மச்சாள்" என்பேன். "இவருக்கு இண்டைக்குக் கணவாய்க் கறி வைச்சனான்" என்பார். கறி அண்ணாவுக்கு. சாப்பிடுவது மச்சாள். நான் அதைப்பற்றிக் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுவோம்.

இந்த வருடம் அந்த அழைப்பு வராது என்று நினைக்கிறேன். மூன்று கிழமையாக மச்சாள் என் அழைப்பை எடுக்கவில்லை. அனுப்பும் செய்திகளுக்கு இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. நடந்தது என்ன என்று எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரில் இதை வாசிக்கும் யாராவது அவரைச் சந்தைப்பக்கம் கண்டால் ஒன்றும் சொல்லவேண்டாம். சுகமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

2

என் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு புதன்கிழமைகளை எனக்குப் பிடிக்காமல் போனது. புதன் எனக்கு அரைநாள் வேலை. மகள் ஆரணி கல்லூரிக்குப் போய்விடுவாள். வீட்டுக்கு வந்து குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கவேண்டும். இங்கே பல்கலைக்கழகங்களில் வயதானவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு மாணவர்களோடு வகுப்பில் போய் இருக்கலாம். பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. விருந்தாளி மாணவர் என்று ஓர் அட்டை தருவார்கள். ஓய்வு பெற்ற ஜேர்மன்காரர்கள் ரோமர் வரலாறு, ஓவியம் என்று கௌரவமான பாடங்களாகத் தெரிவு செய்வார்கள். நான் புதன் இரண்டு மணிக்கு என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன். 'மேற்கைத் தாண்டிய திகில் சினிமா' என்று இருந்தது. பேய்ப்படம் என்பதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறார்கள் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அட, இது எனக்குத் தெரிந்த பாடமாயிற்றே என்று பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"அம்மா, நீங்கள் பேய்ப்படம் படிக்கப் போறீங்களா?" என்று ஆரணி தமிழில் தொடங்கி, மிச்சத்தை ஜேர்மனில் சிரித்தாள். அவள் வீட்டில் கதைப்பது இப்போது அப்படித்தான். முதல் நாலு சொல் எனக்கு, மிச்சம் அவளுக்கு.

எனக்கும் மொழியில் ஒரு கோளாறு உண்டு. நான் ஜேர்மன் கற்றது வகுப்பில் இல்லை, முதியோர் இல்லத்தில். எனக்குக் கற்பித்தவர்கள் எல்லோருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. முதல் வகுப்பில் எழுந்து என்னை அறிமுகம் செய்தபோது இருபது வயதுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் தங்கள் பூட்டியைப்போல் கதைக்கிறேனாம். ஒரு பெண் அன்போடுதான் சொன்னாள், இந்தச் சொல்லெல்லாம் செத்துப்போய் நாற்பது வருடமாகிறது என்று. பேய்ப்பட வகுப்புக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் எடுப்பவள் பெயர் ஹானா. முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பாள். நல்ல பிள்ளை. அவளிடம் இருந்த ஒரே குறை, தாய்லாந்துப் படம் போட்டாலும் யப்பான் படம் போட்டாலும் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பது. யப்பான் பேய் தலைமயிரால் ஏன் முகத்தை மூடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பேய்களும் தலையை விரித்துத்தான் போடும் என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவது கிழமை ஒரு தமிழ்ப் படம். பெரிய நடிகர்கள் இல்லாத சின்னப் படம். ஒரு பெண் தினமும் கணவனுக்குச் சோறு போடுகிறாள். அவன் வந்து பக்கத்தில் இருக்கிறான், கதைக்கிறான், போகிறான். படம் தொடங்கி மூன்று நிமிடத்தில், அவள் குசினிக்குப் போகும்போது சுவர் ஒரு கணம் தெரிந்தது. சுவரில் அவனுடைய படம். படத்துக்கு மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்புப் பல்ப். "ஆள் முடிஞ்சுது" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. வகுப்பில் யாருக்கும் அது விளங்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தக் கணவன் இறந்தவன் என்று படம் வெளிப்படையாகச் சொன்னபோது அறை முழுவதும் மூச்சை இழுத்தது.

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று ஹானா கேட்டாள். நான் கையை உயர்த்தி, மூன்றாவது நிமிடத்தில் என்றேன். எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவரின் படத்தைச் சுவரில் மாலை போட்டு மாட்டுவதில்லை என்று விளக்கினேன். அப்படியானால் இந்தப் படத்தில் மர்மமே இல்லையே, பயம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எங்கட தியேட்டரில எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. சுவரைப் பார் எண்டு சனம் கத்தும். அவள் பார்க்கமாட்டாள். பயம் அதிலதான்." இதை என் செத்துப்போன ஜேர்மனில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இதையே இருபது நிமிட உரையாகச் செய்யுங்கள், உங்கள் ஊரில் பேய்ப்படம் எப்படிப் பார்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று ஹானா கேட்டாள். தலையை ஆட்டிவிட்டேன்.

3

உரைக்கு எழுதிய குறிப்பு இது. கொஞ்சம் ஊர்க்காரருக்குத் தெரிந்ததுதான்.

அண்ணா திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்த ஒரு தியேட்டரில் படம் ஓட்டுகிற மெஷின் ஒப்பரேட்டர். எந்த நேரம் ஊரடங்கு போடுவார்கள் என்று தெரியாத காலம். இரவுக் காட்சிகள் நின்றுபோயிருந்தன. அதனால் எங்கள் ஊருக்குப் பேய்கள் எல்லாம் பகல் இரண்டு மணிக்குத்தான் வந்தன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை கிடந்து அடிக்கும். பேய் வருகிற சத்தமா கூரைச் சத்தமா என்று தெரியாது. ஹானா முதல் வகுப்பில் இருட்டைப்பற்றியே ஒரு மணித்தியாலம் பேசினாள். எனக்குப் பேய்ப்படம் என்றால், முடிந்து வெளியே வந்ததும் கண்ணைக் குத்துகிற வெயிலும், துறைமுகத் தண்ணீரின் மினுக்கமும், எங்கள் பட்டினத்துத் தெருக்களில் மாடுபோல் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று கடலை சுற்றிய பேப்பரைத் தின்பதும்தான்.

குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வருகிற சனம் காலையில் பட்டினத்து அலுவல்களை முடித்துவிட்டு மெட்னிக்கு, அந்தப் பகல் காட்சிக்கு, வருவார்கள். பின்னேரம் திரும்பிப் போகிற கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் வீடு போக ஏலாது. பேயோட்டுகிற கட்டமோ படத்தின் கடைசியில். பேய் உச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கதிரைக்குக் கீழே செருப்பைத் தடவி எடுத்துக்கொண்டு எழும்பிப் போவார்கள். "மூதூரில பாதிச் சனத்துக்கு ஒரு பேயும் இன்னும் ஓடேல்லை" என்று அண்ணா வீட்டில் சொல்லிச் சிரிப்பான்.

பிறகு அவனுக்கே பாவமாகிவிட்டது. முதலாளிக்குச் சொல்லாமல் மூன்று பாட்டையும் ஒரு பகிடிக் காட்சியையும் ஓட்டாமல் விட்டு, லோஞ்சுக்கு முன்னமே படத்தை முடிக்கத் தொடங்கினான். பாட்டுக்காக வந்த பட்டினத்துப் பெடியள் முன்வரிசைக் கலரியில் இருந்து கூக்காட்டுவார்கள். ஒருநாள் மூதூர்க் கருவாட்டு வியாபாரி ஒருவர் மெஷின் அறைக்கு ஏறி வந்து ஒரு பொட்டலம் கருவாட்டைக் கொடுத்து, "தம்பி, என்ட வயசுக்கு இண்டைக்குத்தான் ஒரு பேய் போறதப் பாத்திருக்கன்" என்றாராம். அந்தக் கருவாட்டை நாங்கள் ஒரு கிழமை சாப்பிட்டோம்.

நான் பேய்ப்படத்துக்குச் சரியான பயந்தாங்கொள்ளி. ஆனால் பார்க்காமலும் இருக்கமாட்டேன். அண்ணா படத்தை முதலே ஓட்டிப் பார்த்துவிடுவான். பேய் பாய்கிற இடம் வருவதற்குச் சற்று முன்னால், மெஷின் வெளிச்சத்துக்குள் தன் சுட்டுவிரலை நீட்டுவான். திரையின் மேல் மூலையில் மங்கலாக ஒரு விரல் நிழல் விழும். கண்ணை மூடு என்று எனக்குச் சொல்கிறான். "டேய், கையை எடடா" என்று சனம் கத்துவதற்குள் நான் மூடிவிடுவேன்.

அண்ணா கலியாணம் முடித்ததும் மச்சாளும் என்னோடு மெட்னிக்கு வரத் தொடங்கினார். எனக்குப் பதினேழு வயது, அவருக்கு இருபத்திரண்டு. "மூலையைப் பாத்துக்கொண்டு இருங்கோ மச்சாள். விரல் வந்தா உடன கண்ணை மூடுங்கோ" என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு இரண்டுபேரும் ஒரே நேரத்தில் மூடுவோம், கைகளைப் பிடித்துக்கொண்டு.

4

மச்சாளை ஒருமுறையாவது இங்கே கூப்பிட்டு இரண்டு கிழமை வைத்திருக்கவேண்டும் என்பது என் ஆசை. அந்த வீட்டை ஓர் இரவுகூடப் பூட்டிவிட்டுப் போகாதவர் அவர். அண்ணா வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான் என்ற பயம். ஆரணி கையால் ஒருநாள் தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்ற ஆசையில்தான், பக்கத்து வீட்டுக்காரரை வீட்டுக் காவலுக்குப் படுக்கவைத்துவிட்டு வருகிறேன் என்று ஒருவாறு சம்மதித்தார்.

விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குசினியில் நின்றேன். உலகத்தில் திரும்பிப் போவார் என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

படிவத்தில் மணநிலை என்று ஒரு வரி. மச்சாள் திருமணமானவர் என்று போடுவார். உடனே அடுத்த வரி கணவரைக் கேட்கும். பெயர், தொழில், தற்போதைய முகவரி. மச்சாள் மூன்றையும் நிரப்புவார். தொழில், மெஷின் ஒப்பரேட்டர். முகவரி, வீட்டு முகவரி. பிறகு கணவரின் வருமானச் சான்று எங்கே, அடையாள அட்டைப் பிரதி எங்கே என்று கேட்டு வரும். அதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

இங்கே அலுவலகத்தில் இருந்த ஒரு பெண் இரக்கப்பட்டு எனக்கு வழி சொன்னாள். விதவை என்று போட்டு, மரணச் சான்றிதழை இணைத்தால் கேள்வி குறையும் என்று. ஊரிலும் காணாமல் போனவர்களுக்கு அப்படி ஒரு பத்திரம் எடுக்கலாம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சாள் அந்தக் கதையை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறார். தெரிந்துகொண்டும் நான் எழுதினேன். மூன்று பக்கக் கடிதம். இது வெறும் பேப்பர்தானே மச்சாள், பேப்பருக்காக மட்டும் என்று. கடிதம் கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டீங்களோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தப்பினேன் என்று நினைத்தேன்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு புதன், வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தேன். வரவேற்பறைச் சுவரில் என் கணவரின் படம் இருக்கிறது. மாலையும் பல்ப்புமாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம் புதிதாக மாட்டியிருந்தது. அண்ணா. கலியாணப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெருப்பித்துச் சட்டம் போட்டிருந்தது. அவனுக்கும் ஒரு மாலை. ஒரு சிவப்புப் பல்ப்.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தான்" என்றாள் ஆரணி, முகமெல்லாம் சந்தோசம். "மாமா அலுமாரிக்குள்ள கிடந்தவர். அப்பாக்கு எல்லாம் இருக்கு, மாமாக்கு ஒண்டும் இல்லை. பாவம்தானே."

"மாமா செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "செத்துத்தானே அம்மா?"

அவளுக்கு இருபது வயது. இந்த இருபது வருடத்தில் மாமா எங்கே என்று ஒருநாளும் நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை தன் கணக்கில் ஒரு விடை எழுதிவைத்திருக்கிறாள். பிழை அவளிடம் இல்லை.

"மாமிக்கும் காட்டினனான். வீடியோவில" என்றாள்.

"மாமி என்ன சொன்னவ?"

"வடிவா இருக்கு பிள்ளை எண்டா. பிறகு, அம்மா சொல்லியோ செய்தனீங்கள் எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் எண்டனான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "நீங்கள் எத்தினை நாளா இந்த மாலைக் கதையைத்தானே எனக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறீங்கள். உங்கட உரைக்கு. அதான் ஓம் எண்டனான். மாமி உடன வைச்சிட்டா."

கடிதத்துக்கு நான் மறுமொழி எதிர்பார்த்திருந்தேன். மச்சாளுக்கோ என் இரண்டாவது கடிதம் சுவரில் மாட்டிப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் பிள்ளையை அனுப்பித் தன் தாலியைக் கேட்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். வேறு என்ன நினைக்க முடியும்?

மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினேன். முடியவில்லை. கழற்றினால் அண்ணா இருக்கிறான் என்று நான் சொன்னதாகும். விட்டால் இல்லை என்று சொன்னதாகும். எனக்கு இரண்டையும் சொல்ல ஏலாது. பல்ப்பை மட்டும் அணைத்தேன். மூன்று கிழமையாக அந்தச் சுவருக்கு முகம் கொடுக்காமல் வீட்டுக்குள் நடக்கிறேன்.

5

புதன்கிழமை. இன்றைக்கு உரை முடிந்தது. லோஞ்சுக் கதைக்கு வகுப்பே கைதட்டியது. பாட்டை வெட்டி மூதூருக்காகப் பேயைச் சீக்கிரம் ஓட்டிய ஒப்பரேட்டரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. விரல் கதையைச் சொன்னபோது ஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கடைசியில் ஒருவர் கேட்டார். "உங்கள் அண்ணா பிறகு என்ன செய்தார்?"

"ஓய்வு பெற்றுவிட்டார்" என்றேன். என் ஜேர்மனில் அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும்.

மேற்குப் பேய்க்குச் சிலுவை, எங்கள் பேய்க்கு வேப்பிலை என்று நான் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். எதுவானாலும் பேயாவதற்கு முதலில் ஒருவர் சாகவேண்டும். செத்தவர்களுக்குத் திவசம் இருக்கிறது, மாலை இருக்கிறது, பேயாக வருகிற உரிமைகூட இருக்கிறது. அண்ணாவுக்கு அதுவும் இல்லை. இதை நான் உரையில் சேர்க்கவில்லை. இன்னொன்றையும் சேர்க்கவில்லை. அதை மச்சாளிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே முதல்முறையாக எழுதுகிறேன்.

அந்த நாளும் ஒரு மெட்னி. அண்ணா பன்னிரண்டு மணிக்கே சைக்கிளில் போய்விட்டான். வீட்டிலிருந்து தியேட்டருக்குப் பதினைந்து நிமிடம், நடுவில் ஓர் ஆமிச் சென்றி. புதுப் பேய்ப்படம். மச்சாளும் நானும் ஒன்றரைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனோம். சென்றியில் ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். இரண்டு மணிக்குப் படம் தொடங்கியது. முதல் அரைமணிக்குள் பேய் கிணற்றுக்குள்ளிருந்து பாய்ந்தது. நான் கத்திவிட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், ஏனென்றால் விரல் வரவில்லை.

பகிடி விடுகிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பாட்டு வந்தது. முழுப் பாட்டும் ஓடியது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, மேலே நிற்பது அண்ணா இல்லை, மற்ற ஒப்பரேட்டர். மச்சாள் என் காதுக்குள் கேட்டார்: "சுகி, உங்கட அண்ணை வந்திட்டார்தானே?"

"ஓம் மச்சாள். மேல நிக்கிறார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? எழும்பிப் போய்ப் பார்க்கப் பயம். படத்தையும் விடமுடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், பதினேழு வயதில் எனக்குப் படத்தின் முடிவு தெரியவேண்டியிருந்தது. முழுவதையும் இருந்து பார்த்தோம். பாட்டுகள் எல்லாம் ஓடின. மூதூர்ச் சனம் பேயோடு எழும்பிப் போனது. படம் முடிந்து மெஷின் அறைக்கு ஏறியபோதுதான் அவன் வேலைக்கே வரவில்லை என்று சொன்னார்கள். பிறகு ஓடினோம், பொலிஸ், ஆமி முகாம் என்று எல்லா வாசல்களுக்கும். உடனே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று ஒரு வாசலில் யாரோ சொன்னார்கள். யார் என்று முகம் நினைவில்லை, சொன்னது நினைவிருக்கிறது.

ஆரணியின் ஓம் ஒரு வினாடிப் பொய். என்னுடைய ஓம் முப்பத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிறது. அதற்குள் இருந்துகொண்டுதான் நாடு மாறினேன், கலியாணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன். கடவுச்சீட்டு மாறியது. அதைவிட்டு வெளியே வர ஒரு கதவு கிடைக்கவில்லை.

6

வியாழக்கிழமை. காலை பத்தரைக்குக் கைபேசி அடிக்கவில்லை. பத்து நாற்பதுக்கு நான் எடுத்தேன். ஏழு தடவை மணி அடித்தபின் மச்சாள் எடுத்தார். அவருக்குப் பின்னால் காற்றில் ஏதோ ஒரு தகரம் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நாலு சலவை இயந்திரங்கள்.

"மச்சாள், பிள்ளை தெரியாமல் செய்திட்டாள். நான் சொல்லேல்லை. சத்தியமா நான் சொல்லேல்லை."

"பிள்ளையில பிழை இல்லை" என்றார். "கடிதம் எழுதினது பிள்ளை இல்லையே."

"அது என்ட பிழை. இன்னொரு பிழையும் இருக்கு. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்." நேற்று உங்களுக்கு எழுதியதை அவருக்குச் சொன்னேன். விரல் வராததை. பாட்டு முழுவதும் ஓடியதை. தெரிந்துகொண்டே ஓம் என்று சொன்னதை. சொல்லும்போதே அழுதேன். மேற்பார்வைப் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மச்சாள் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"விரல் வரேல்லை எண்டு எனக்கும் தெரியும் சுகி" என்றார். "நானும் மூலையைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள்தானே பழக்கினீங்கள்."

"பிறகேன் மச்சாள் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீங்கள் ஓம் எண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் கேட்டனான்."

இத்தனை வருடமாகத் தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். சுவரைப் பாருங்கோ மச்சாள் என்று மூன்று பக்கத்தில் கத்தியவள். அவர் சுவரை எனக்கு முதலே பார்த்திருக்கிறார்.

"அந்த மாலையைக் கழட்டுங்கோ" என்றார் மச்சாள். குரல் வழக்கமான குரலாகிவிட்டது. "தெரியிறது வேற, மாலை போடுறது வேற. படம் இருக்கட்டும். பிள்ளை ஆசையா மாட்டினது."

"சரி மச்சாள்."

"விசாப் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கோ, நிரப்பித் தாறன். நான் போட்டதைத்தான் போடுவன். மாத்தச் சொல்லாதேங்கோ."

திருமணமானவர். மெஷின் ஒப்பரேட்டர். வீட்டு முகவரி. எனக்கு அந்தப் படிவம் மனப்பாடம். அதற்கு வரப்போகிற கடிதமும் மனப்பாடம்.

"சொல்லமாட்டன் மச்சாள்."

"இவருக்குக் கணவாய் வைச்சனான். நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம் மச்சாள்."

வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தகரம் இரண்டு தடவை அடித்தது.

"சுகி" என்றார். "இந்தமுறை விசா தருவாங்கள்தானே?"

"ஓம் மச்சாள்" என்றேன். "தருவாங்கள்."